ஆர்.வி. டிரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது முதல் ஸ்லைடைத் திறப்பது வரை: இருவர் சேர்ந்து செய்யும் வேலைக்கு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் புதிதாக ஆர்.வி. டிரெய்லர், அதாவது வண்டிக்குப் பின்னால் இழுத்துச்செல்லும் நடமாடும் வீடு, வாங்கிய அல்லது வாடகைக்கு எடுத்த நம்மவர்கள் கேம்ப்கிரவுண்டில் திணறும் இடங்கள் இரண்டு. ஒன்று, ஒதுக்கிய சைட்டுக்குள் ரிவர்ஸ் எடுப்பது. இன்னொன்று, நிறுத்திய பிறகு ஸ்லைடை, அதாவது உள்ளே இடத்தைப் பெரிதாக்க வெளியே தள்ளும் பக்கச் சுவர்ப் பகுதியை, திறப்பது. இரண்டையும் தனித்தனி வேலையாக நினைப்பதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது. நிறுத்தும் இடம் டிரெய்லருக்குப் போதும் என்றால் மட்டும் ஆகாது. பக்கச் சுவரில் ஒரு பகுதி 3 அடி வெளியே தள்ளி வந்த பிறகும் அது போதவேண்டும்.

பிக்கப் டிரக் இழுக்கும் 25 முதல் 30 அடி டிரெய்லர், டிரைவர் பக்கம் ஒரு ஸ்லைடு என்ற அமைப்பை வைத்து எழுதுகிறேன். பலரும் தொடங்குவது இதில்தான். தானே ஓடும் வீட்டு வண்டியான மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்களுக்கு எங்கே மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன். உங்கள் வண்டியின் கையேடு நான் சொல்வதற்கு மாறாக ஏதாவது சொன்னால் கையேட்டையே கேளுங்கள்.

1. வீட்டை விட்டுக் கிளம்பும் முன்

வீட்டு வாசலிலோ வாடகை நிறுவனத்தின் வளாகத்திலோ ஸ்லைடை ஒருமுறை முழுதாகத் திறந்து அளவு டேப்பால் அளந்துவிடுங்கள். சுவரிலிருந்து எவ்வளவு வெளியே வருகிறது, டிரெய்லரின் பின்முனையிலிருந்து எத்தனை அடியில் தொடங்கி எத்தனை அடியில் முடிகிறது என்ற மூன்று எண்கள் போதும். மாஸ்கிங் டேப்பில் எழுதி டிரக்கின் டேஷ்போர்டில் ஒட்டி வையுங்கள். சைட்டில் நின்றுகொண்டு கண் மதிப்பில் கணக்குப் போட்டால் எல்லா ஸ்லைடும் 2 அடிதான் வரும்போலத் தெரியும்.

வாடகை வண்டி என்றால், கொடுப்பவர் ஸ்லைடைத் திறந்தும் மூடியும் காட்டச் சொல்லி போனில் வீடியோ எடுங்கள். பெரும்பாலும் திறந்து மட்டும் காட்டுவார்கள். தடுமாற்றம் வருவதோ திங்கட்கிழமை காலையில், மூடும்போது. பயணத்தில் ஸ்லைடு நகராமல் பிடிக்கும் பூட்டுக் கம்பி உள்ளதா என்றும் கேளுங்கள். அதைக் கழற்றாமல் பட்டனை அழுத்தினால் கம்பியோ மோட்டாரோ ஏதாவது ஒன்று தோற்கும்.

கரண்ட் இல்லாவிட்டால் ஸ்லைடைக் கையால் எப்படி உள்ளே கொண்டுவருவது என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள். அதைப் பற்றி எட்டாவது பகுதியில் பேசுவோம்.

சைட் பதிவு செய்யும்போது நீளத்தை மட்டும் பார்க்காதீர்கள். தேசியப் பூங்காக்களுக்குப் பதிவு செய்யும் ரிக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் ஒவ்வொரு சைட்டுக்கும் ரிவர்ஸில் நுழைவதா, நேராக நுழைந்து வெளியேறுவதா, வண்டி நிறுத்தும் தளத்தின் நீளம் எவ்வளவு என்றெல்லாம் போட்டிருப்பார்கள். யோசமிட்டி பள்ளத்தாக்கின் அப்பர் பைன்ஸ் கேம்ப்கிரவுண்டில் மோட்டார்ஹோமுக்கு 35 அடி, டிரெய்லருக்கு 24 அடி எனத் தனித்தனி வரம்பு. 35 அடி என்பதை மட்டும் பார்த்துவிட்டு 28 அடி டிரெய்லரோடு போய் நின்றால் திரும்பத்தான் வேண்டும். அங்கே கரண்ட் இணைப்பும் கிடையாது. அப்படிப்பட்ட இடங்களில் ஸ்லைடு பேட்டரியை நம்பித்தான் திறக்கும். சாதாரண லெட் ஆசிட் பேட்டரி முழுதாக ஏறியிருந்தால், சும்மா இருக்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி காலி.

எடுத்துப்போக வேண்டியவை: சக்கரக் கட்டைகள் இரண்டு ஜோடி, சமன் செய்யும் பிளாஸ்டிக் பலகைகள், சின்ன ரசமட்டம், அளவு டேப், ஆரஞ்சுக் கூம்புகள் இரண்டு, டார்ச், ஒரு ஜோடி வாக்கி டாக்கி, ஒரு துடைப்பம். துடைப்பம் எதற்கு என்பது கடைசியில் தெரியும்.

2. பேச்சை முதலில் முடிவு செய்யுங்கள்

மற்ற வழிகாட்டிகள் இதை இரண்டு வரியில் தாண்டிவிடும். நம்மவர்களைப் பொறுத்தவரை நான் அதிகம் பார்த்த விபத்துக் காரணமே இதுதான்.

முதலில் ‘ரைட்’ என்ற சொல்லை அன்றைக்கு முழுதாகத் தடை செய்யுங்கள். நம் ஊர் பஸ்ஸில் ‘ரைட்’ என்றால் போகலாம். இங்கே அது வலது பக்கம். பேச்சுவழக்கில் அது ‘சரி’யும்கூட. என் மனைவி பின்னால் நின்று, நான் வருவது சரியாக இருக்கிறது என்ற நினைப்பில் “ரைட்… ரைட்…” என்றாள். நான் வலது பக்கம் கேட்கிறாள் என்று ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். தண்ணீர்க் குழாய்க்கும் டிரெய்லருக்கும் இடையே ஒரு சாண் மிச்சம் இருந்தபோது நின்றேன். இருவரும் சொன்னதும் செய்ததும் தப்பில்லை. சொல்தான் தப்பு.

இடது, வலதும் வேண்டாம். ஸ்பாட்டர், அதாவது கீழே நின்று வழி சொல்பவர், பின்னால் நிற்கிறாரா, முன்னால் நிற்கிறாரா, எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பதைப் பொறுத்து அவருடைய இடது டிரைவரின் வலதாகிவிடும். அதற்குப் பதில் ‘டிரைவர் பக்கம்’, ‘கதவுப் பக்கம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க டிரெய்லர்களில் ஏறும் கதவு டிரைவருக்கு எதிர்ப்பக்கம்தான் இருக்கும். யார் எந்தத் திசையைப் பார்த்து நின்றாலும் கதவு இடம் மாறாது. ஊரில் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டிப் பழகியவர்களுக்கும் குழப்பம் வராது.

அடுத்தது, ஸ்பாட்டர் சொல்வது ஸ்டீயரிங்கைப் பற்றியா, டிரெய்லரின் வாலைப் பற்றியா? எப்போதும் வாலைப் பற்றித்தான். “கதவுப் பக்கம்” என்றால் டிரெய்லரின் பின்பகுதி கதவுப் பக்கம் போகவேண்டும் என்று பொருள். அதற்கு ஸ்டீயரிங்கை எப்படித் திருப்புவது என்பது டிரைவரின் கவலை. ஸ்பாட்டர் அதையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கினால் இரண்டு மூளைகள் ஒரே ஸ்டீயரிங்கைப் பிடித்த கதையாகிவிடும்.

“வாங்க… வாங்க… வாங்க…” என்பதில் தூரம் இல்லை. 20 அடி இருக்கும்போதும் ‘வாங்க’, 2 அடி இருக்கும்போதும் ‘வாங்க’ என்றால் டிரைவருக்கு என்ன தெரியும்? அடிக் கணக்கில் குறைத்துக்கொண்டே வாருங்கள். 20, 15, 10, 5, 3, ஸ்டாப்.

நிறுத்த ஒரே சொல், ‘ஸ்டாப்’. ‘நிறுத்துங்க’, ‘ஏங்க, ஏங்க’, ‘ஐயோ’ எதுவும் வேண்டாம். ‘ங்க’ சேர்க்கும் நேரத்தில் டிரெய்லர் ஓர் அடி நகர்ந்திருக்கும். மரியாதையைச் சாப்பாட்டு நேரத்தில் கொடுத்துக்கொள்ளலாம். வழி சொல்வது ஒருவர் மட்டும். ஆனால் ‘ஸ்டாப்’ யார் வேண்டுமானாலும் சொல்லலாம், பக்கத்து சைட்டுக்காரரும் குழந்தையும் உட்பட. கேட்டவுடன் நிறுத்தவேண்டும், காரணத்தைப் பிறகு கேட்கலாம்.

கை சைகைகள் நான்கு போதும். வால் போகவேண்டிய பக்கம் முழுக் கையையும் நீட்டுவது. இரு கைகளையும் தன் பக்கம் அசைத்தால் நேராகப் பின்னால் வா. இரு உள்ளங்கைகளையும் டிரக்கை நோக்கித் தள்ளினால் முன்னால் போ. தலைக்கு மேல் கைகளைக் குறுக்காக வைத்தால் நில். விரலால் சின்னதாகக் காட்டுவது கண்ணாடியில் தெரியாது.

வாக்கி டாக்கி இருந்தால் நல்லது. கடைகளில் கிடைக்கும் எஃப்.ஆர்.எஸ். வகைக்கு அமெரிக்காவில் உரிமம் தேவையில்லை. போனில் ஸ்பீக்கர் போட்டுப் பேசலாம். ஆனால் மலைப் பூங்காக்களில் பல இடங்களில் சிக்னல் இருக்காது, குரல் கொஞ்சம் தாமதமாகவும் வரும். ரிவர்ஸில் அந்தத் தாமதம் பெரிது.

3. நுழையும் முன் இறங்கி நடங்கள்

சைட்டைத் தாண்டிக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி, ஆபத்து விளக்கைப் போட்டு, இருவரும் இறங்குங்கள். பின்னால் கார் வந்து நிற்குமே என்ற கூச்சம் வேண்டாம். இரண்டு நிமிடம் காத்திருப்பார்கள், கேம்ப்கிரவுண்டில் அது சகஜம்.

தரையில் பார்க்க வேண்டியவை: கரண்ட் பெட்டி, தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாயின் வாய், நெருப்பு வளையம், மேசை, பெரிய கல், வெட்டிய மரத்தின் அடிக்கட்டை. இந்த அடிக்கட்டை ஒரு விஷமம். புல்லுக்குள் இருக்கும், கண்ணாடியில் தெரியாது.

அப்புறம் மேலே பாருங்கள். டிரெய்லரின் கூரையில் இருக்கும் ஏ.சி.யையும் சேர்த்தால் உயரம் 11 அடிக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிவர்ஸ் கேமரா கிளையைக் காட்டாது. இருவரும் தரையையே பார்த்துக்கொண்டிருந்ததால் ஒருமுறை எங்கள் கூரையின் காற்றுத் துளை மூடி உடைந்தது. அன்று மழை வேறு.

இப்போது டேஷ்போர்டில் ஒட்டிய மூன்று எண்கள். இங்குள்ள சைட்களில் கரண்ட் பெட்டி பெரும்பாலும் டிரைவர் பக்கம், பின்பாதியில் இருக்கும். பெரிய ஸ்லைடும் பெரும்பாலும் அதே பக்கம்தான். ஆக, ஸ்லைடு நேராகக் கரண்ட் பெட்டியை நோக்கித்தான் வெளியே வரும். டிரெய்லரின் சுவர் எந்தக் கோட்டில் நிற்கப்போகிறது என்று முடிவு செய்து, அங்கிருந்து ஸ்லைடின் அளவோடு இன்னொரு அடியும் சேர்த்து அளந்து பாருங்கள். அந்த ஓர் அடி, ஸ்லைடைச் சுற்றி ஒரு ஆள் நடந்து போகவும், டிரெய்லர் சற்றுக் கோணலாக நின்றால் ஈடுகட்டவும்.

மரம் குறுக்கே வந்தால் பக்கவாட்டில் நகர்த்துவதைவிட ஓரடி ஈரடி முன்னாலோ பின்னாலோ நிறுத்துவது எளிது. மரம் ஸ்லைடுக்கு முன்போ பின்போ விழும்படி பார்த்துக்கொண்டால் போதும். ஸ்லைடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அளக்கச் சொன்னது இதற்குத்தான்.

முடிவானதும் இரண்டு கூம்புகளை வையுங்கள். ஒன்று டிரைவர் பக்கப் பின்சக்கரம் நிற்கவேண்டிய இடத்துக்கு வெளியே, மற்றொன்று டிரெய்லரின் பின்முனை நிற்கவேண்டிய கோட்டில். இனி டிரைவர் குறி பார்ப்பது கூம்பை; மரத்தையோ பெட்டியையோ அல்ல.

4. ரிவர்ஸ் எடுப்பது

பிள்ளைகளையும் நாயையும் டிரக்குக்குள் உட்கார வைத்துவிடுங்கள். வெளியே ஓரமாக நிற்கச் சொன்னால் நிற்பார்கள். பந்து உருளும் வரை.

ஃப்ரிக்‌ஷன் வகை ஸ்வே பார் பூட்டியிருந்தால் ரிவர்ஸுக்கு முன் கழற்றுங்கள். அது ஆட்டத்தைக் குறைக்க, திரும்புவதை எதிர்த்துப் பிடிக்கும் கருவி. கூர்மையாக ரிவர்ஸ் திரும்பினால் வளைந்துவிடும்.

முடிந்தவரை சைட் டிரைவர் பக்கம் இருக்கும்படி வாருங்கள். அப்போது டிரெய்லரின் பின்முனை டிரைவரின் ஜன்னலிலும் கண்ணாடியிலும் தெரியும். எதிர்ப்பக்கம் என்றால் டிரெய்லர் திரும்பத் தொடங்கியவுடன் அந்தப் பக்கமே மறைந்துவிடும். ஒருவழிப் பாதை இல்லையென்றால் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாவது பக்கத்தை மாற்றிக்கொள்வேன்.

சைட்டைத் தாண்டும்போது டிரக்கின் மூக்கைச் சைட்டுக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்து நிறுத்துங்கள். அப்போது டிரெய்லரின் வால் தானாகவே சைட்டைப் பார்க்கும். சாலைக்கு நேராக நிறுத்திவிட்டு முழுத் திருப்பத்தையும் ரிவர்ஸிலேயே எடுக்கப் பார்ப்பது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. முன்னால் போகும்போதே பாதிக் கோணத்தை வாங்கிவிடலாம்; அது சுலபம்.

ஸ்டீயரிங்கின் அடியில், கடிகாரத்தில் 6 இருக்கும் இடத்தில், ஒரு கையை வையுங்கள். கை எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கம் டிரெய்லரின் வால் போகும். மேலே பிடித்தால் எல்லாம் தலைகீழ். யோசித்து முடிப்பதற்குள் காரியம் கெட்டுவிடும்.

கியரைப் போட்டு, பிரேக்கை மட்டும் மெல்ல விடுங்கள். சமதளத்தில் ஆக்ஸிலரேட்டரைத் தொட வேண்டியதில்லை. கையைச் சிறிதாக நகர்த்துங்கள். டிரெய்லர் திரும்பத் தொடங்கியதும் கையைத் திரும்பக் கொண்டுவந்து, கொஞ்சம் மறுபக்கமும் கொடுங்கள். இந்த இடத்தில்தான் எல்லோரும் தடுக்கி விழுவது. வால் போதுமான அளவு திரும்பிவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஸ்டீயரிங்கை மாற்றுகிறார்கள். அதற்குள் டிரக்கும் டிரெய்லரும் கத்திபோல் மடிந்துவிடுகின்றன. திரும்புவது தெரியத் தொடங்கும்போதே மாற்றவேண்டும். மாற்றியதும் டிரக், டிரெய்லரின் பின்னாலேயே வளைந்து போகும்.

டிரக்குக்கும் டிரெய்லருக்கும் இடையிலான கோணம் கூர்மையாகிவிட்டால் ரிவர்ஸில் எந்தத் திருப்பமும் அதைச் சரிசெய்யாது. இன்னும் பின்னால் போனால் டிரக்கின் பம்பர் மூலை டிரெய்லரின் முன்பக்கத்தில் இடிக்கும். நிறுத்தி, முன்னால் 10, 15 அடி போய் நேராக்கி, மறுபடி வாருங்கள். முன்னால் போவது தோல்வி இல்லை. பழகியவர்கள் மூன்று நான்கு தடவை போவதைப் பார்த்திருக்கிறேன்.

நீளம் குறைந்த டிரெய்லர் சுலபம் என்று நினைக்கவேண்டாம். அது சட்டென்று திரும்பும், சட்டென்று மடியும். 30 அடி டிரெய்லர் மெதுவாகப் பதில் சொல்லும். திருத்திக்கொள்ள நேரம் தரும். முதல் தடவையாகச் சைட்டிலேயே கற்றுக்கொள்ளாமல், ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியாக இருக்கும் பெரிய பார்க்கிங்கில் அனுமதி கேட்டு, கூம்பு வைத்து ஒரு மணி நேரம் பழகுங்கள். இருவரும் இடம் மாறிப் பழகுங்கள். ஸ்பாட்டராக மட்டுமே இருந்தவர் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால், டிரைவருக்கு எது தெரியாது என்பது அவருக்குப் புரியும். எங்கள் வீட்டில் சண்டை குறைந்தது அதற்குப் பிறகுதான்.

மோட்டார்ஹோமில் மடியும் பிரச்சினை இல்லை. ஆனால் பின்சக்கரத்துக்குப் பின்னால் நீளும் வால், திருப்பும் பக்கத்துக்கு எதிராக வெளியே வீசும். ஸ்பாட்டர் அந்த மூலையையும் பார்க்கவேண்டும். பின்னால் கார் கட்டி இழுத்து வந்திருந்தால் ரிவர்ஸுக்கு முன் காரைக் கழற்றிவிடுங்கள்.

5. ஸ்பாட்டர் எங்கே நிற்பது

டிரைவர் பக்கம், பின்மூலைக்குச் சற்றுத் தள்ளி, டிரைவரின் கண்ணாடியில் தெரியும்படி. டிரைவரின் முகம் உங்களுக்குக் கண்ணாடியில் தெரிந்தால் நீங்களும் அவருக்குத் தெரிவீர்கள். டிரெய்லர் நகர நகர நீங்களும் நகருங்கள். கிளையைப் பார்க்கவேண்டும் என்றால் முதலில் ஸ்டாப் சொல்லிவிட்டுப் போய்ப் பாருங்கள்.

டிரெய்லருக்கு நேர் பின்னால் ஒருபோதும் நிற்கக்கூடாது. குறிப்பாக, டிரெய்லருக்கும் மரத்துக்கும் நடுவே. ‘இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது’ என்று பார்க்கப் போய் அங்கே நிற்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கால் இடறினால் டிரைவருக்குத் தெரியவே தெரியாது.

டிரைவருக்கு ஒரே விதி: கண்ணாடியில் ஸ்பாட்டரைக் காணோம் என்றால் நிறுத்து. ஹாரன் அடித்துக் கூப்பிடாமல், கேமராவை நம்பித் தொடராமல், நிறுத்து. இறங்கிப் பார்த்தாலும் தவறில்லை.

இன்னொன்று, உதவிக்கு வரும் அக்கம்பக்கத்தார். நல்ல மனிதர்கள்தான், ஆனால் நால்வர் நான்கு சைகை காட்டினால் டிரைவர் கடைசியாகப் பார்த்த கையைத்தான் கேட்பார். நன்றி சொல்லி, “அந்தக் கிளையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டால் ஸ்டாப் சொல்லுங்கள்” என்று ஒரு வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

இருட்டுவதற்குள் போய்ச் சேரப் பாருங்கள். முடியாவிட்டால், டார்ச்சைத் தரையிலும் கூம்பிலும் மட்டும் அடியுங்கள். கண்ணாடியில் அடித்தால் டிரைவருக்கு அரை நிமிடம் கண் தெரியாது.

6. டிரக்கைக் கழற்றும் முன்

இடத்தில் நிறுத்தியாகிவிட்டது, உடனே கழற்றும் ஆசை வரும். பொறுங்கள். டேப்பை எடுத்து, ஸ்லைடு வரும் பக்கத்தை மறுபடி அளந்து பாருங்கள். கழற்றிவிட்டால் அரை அடி நகர்த்தவும் எல்லாவற்றையும் மறுபடி மாட்டவேண்டும். முதல் வருடம் எனக்கு நேர்ந்தது இதுதான். அழகாக நிறுத்தி, கழற்றி, ஜாக் இறக்கி, தண்ணீர் இணைத்து, ஸ்லைடைத் திறந்தால் கரண்ட் பெட்டிக்கு 4 அங்குலம் முன்னால் ஸ்பாட்டரின் ஸ்டாப். எல்லாவற்றையும் தலைகீழ் வரிசையில் மறுபடி செய்தோம். இட்லி மாவு புளித்துக்கொண்டிருந்தது.

அளவு சரி என்றால் பக்கவாட்டு மட்டம். ரசமட்டத்தை டிரெய்லரின் குறுக்காக வைத்துப் பாருங்கள். தாழ்ந்த பக்கச் சக்கரங்களுக்கு முன்னால் பலகையைப் போட்டு அதன் மேல் ஏற்றுங்கள். ஏற்றுவதற்கு டிரக் வேண்டும் என்பதால்தான் இதைக் கழற்றும் முன் செய்கிறோம். டிரெய்லருக்கு இரண்டு அச்சு இருந்தால் அந்தப் பக்கத்து இரண்டு சக்கரத்துக்கும் பலகை போடவேண்டும்.

அடுத்து சக்கரக் கட்டைகள், இருபக்கமும், முன்னும் பின்னும். டிரெய்லருக்குக் காரில் இருப்பதுபோல் கைப் பிரேக் கிடையாது. டிரக் கழன்ற அந்த நொடியிலிருந்து அதைப் பிடித்திருப்பது கட்டை மட்டும்தான். இணைப்பு அறுந்தால் பிரேக்கைப் போடும் மெல்லிய கம்பி ஒன்று முன்னால் இருக்குமே, அது அவசரத்துக்கு. பார்க்கிங் பிரேக்காகப் பயன்படுத்தினால் பேட்டரியைக் குடித்துவிடும்.

கட்டை போட்ட பிறகுதான் சங்கிலி, வயர் பிளக், டிரக்கோடு டிரெய்லரைப் பிணைக்கும் கப்ளர் எல்லாவற்றையும் கழற்றுவது. முன்ஜாக்கை ஏற்றி இறக்கி முன்பின் மட்டத்தைச் சரிசெய்வது கடைசியில்.

7. ஸ்லைடைத் திறப்பது

மட்டம் சரியானதும் நான்கு மூலை ஸ்டெபிலைசர் ஜாக்குகளைத் தரையைத் தொட்டு இறுகும் அளவுக்கு மட்டும் இறக்குங்கள். அவை ஆட்டத்தைத் தடுக்க, வண்டியைத் தூக்க அல்ல. ஒரு மூலையை மட்டும் தூக்கிவிட்டால் சட்டகம் முறுக்கிக்கொள்ளும். ஸ்லைடு உட்காரும் சதுர வாய் கொஞ்சம் கோணலாகிவிடும். நம் வீட்டுக் கதவு மழைக்காலத்தில் நிலையில் உரசுமே, அதே கதை.

சில மோட்டார்ஹோம்களில், ஸ்லைடை முதலில் திறந்துவிட்டுப் பிறகுதான் மட்டம் செய்யச் சொல்லியிருப்பார்கள். கையேட்டைப் பாருங்கள். ஹேண்ட்பிரேக் போட்டிருந்தால்தான் ஸ்லைடு நகரும் வண்டிகளும் உண்டு; “மோட்டார் போச்சு” என்று பதறும் முன் அதைச் சரிபாருங்கள். ஓட்டுநர் இருக்கை ஸ்லைடின் பாதையில் இருந்தால் முன்னால் தள்ளிவிடுங்கள்.

கரண்ட் இருந்தால் இணைத்துவிடுங்கள். பெட்டியில் பிரேக்கரை அணைத்து, மின்னழுத்தம் திடீரென்று ஏறினால் காக்கும் சர்ஜ் ப்ரொடக்டரையும் வயரையும் செருகி, பிறகு பிரேக்கரைப் போடுங்கள். ஸ்லைடு மோட்டார்கள் பேட்டரியின் 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன, நிறைய இழுக்கும். வெளி கரண்ட் இருந்தால் சார்ஜர் கைகொடுக்கும். பேட்டரி தளர்ந்திருந்தால் ஸ்லைடு பாதியில் மூச்சு வாங்கும், இரண்டு மோட்டார் உள்ள வகையில் ஒரு பக்கம் முந்திக்கொள்ளும்.

பட்டனைத் தொடும் முன் உள்ளே: பூட்டுக் கம்பி கழற்றியாயிற்றா? அலமாரிக் கதவுகள், இழுப்பறைகள் மூடியிருக்கின்றனவா? பயணத்தில் சரிந்த செருப்பு, தண்ணீர் பாட்டில், குக்கர் மூடி ஏதாவது ஸ்லைடின் ஓரத்தில் சிக்கியிருக்கிறதா? வெளியே: கரண்ட் பெட்டி, மரம், மேசை, ஸ்லைடுக்கு அடியில் திறந்து கிடக்கும் சாமான் அறைக் கதவு. மேலே கிளை.

இப்போது ஒருவர் உள்ளே பட்டனில், ஒருவர் வெளியே ஸ்லைடின் பக்கவாட்டில். முன்னால் நிற்கவேண்டாம். அதே ‘ஸ்டாப்’ விதி இங்கேயும் பொருந்தும். தனியாகப் பட்டனை அழுத்திவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது ஆகாது.

அழுத்திய பட்டனை விடாமல் முழுதாகத் திறக்க விடுங்கள். விட்டு விட்டு அழுத்துவதும், பாதியில் உள்ளே வெளியே என்று மாற்றுவதும் இரண்டு மோட்டார் வகைக்கு எதிரி. சுவருக்குள் இருபக்கமும் பல் தண்டவாளம் ஓடும் ஷ்வின்டெக் வகை அது. இருபுற மோட்டாரும் ஒரே கணக்கில் இருக்கவேண்டும். கடைசிவரை போய் நின்ற பிறகும் இரண்டு மூன்று நொடி அழுத்திப் பிடித்தால் இரண்டும் சமமாகிவிடும். ஹைட்ராலிக் வகையில் பம்பின் சத்தம் மாறும்வரை பிடிக்கவேண்டும், அழுத்தம் ஏறி நிற்பதற்காக. அடியில் பல் தண்டும் ஒரே மோட்டாரும் உள்ள வகையில் மட்டும், உட்கார்ந்தவுடன் விட்டுவிடுங்கள். மேலும் அழுத்தினால் கரகரவென்று பல் அரைபடும்.

சத்தத்தைக் கேட்கப் பழகுங்கள். ஒரே சீரான முனகல் நல்லது. திடீரென்று தாழ்ந்தால், க்ரீச் என்றால், ஒரு பக்கம் பின்தங்கினால், நிறுத்திப் பாருங்கள். ஆளோ பொருளோ குறுக்கே என்றால் எந்தக் கணக்கும் பார்க்காமல் நிறுத்துங்கள்.

திறந்ததும் சுற்றி நடந்து ரப்பர் விளிம்பைப் பாருங்கள். உள்பக்கம் மடங்கியிருந்தால் அந்த வழியே மழை வரும். வெளியே நீளும் கீழ்மூலைகள் சரியாகக் குழந்தைகளின் நெற்றி உயரத்தில் இருக்கும். பழைய டென்னிஸ் பந்தைக் கீறி மூலையில் மாட்டிவிடுங்கள்.

8. பாதியில் நின்றுவிட்டால்

வேகமாகப் பத்து முறை பட்டனை அழுத்துவதுதான் எல்லோரும் செய்வது. அதனால் மோட்டார் சூடாகும், வேறொன்றும் ஆகாது. முதலில் ஏதாவது தடுக்கிறதா என்று பாருங்கள். பிறகு பேட்டரி வோல்ட், பிறகு ஃபியூஸ். சூடாகி அணையும் பிரேக்கர் இருந்தால் சில நிமிடம் விட்டால் தானாகத் திரும்பும்.

அப்படியும் நகரவில்லை என்றால் கையால்தான். அடியில் பல் தண்டு உள்ள வகையில் மோட்டாரின் பிரேக்கை விடுவித்து, ராட்செட் ஸ்பேனரால் சுற்றி உள்ளே கொண்டுவரலாம். ஹைட்ராலிக்கில் பம்பை டிரில் மெஷினால் சுற்ற வழி வைத்திருப்பார்கள். ஷ்வின்டெக்கில் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கண்டுபிடித்து இரு மோட்டார் வயர்களையும் கழற்றிவிட்டு, இருபுறமும் ஆள் நின்று சமமாகத் தள்ளவேண்டும். ஒருபக்கம் மட்டும் தள்ளினால் கோணிக்கொண்டு இறுகும். அந்தப் பெட்டி எங்கே என்று வாடகைக்குக் கொடுப்பவரிடம் முதல் நாளே கேட்கச் சொன்னது இதற்காகத்தான். படுக்கைக்கு அடியில், சாமான் அறைத் தகட்டுக்குப் பின்னால் என்று ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இடம். இரவு 9 மணிக்கு, மழையில், டார்ச்சோடு தேடும் பொருள் அல்ல அது.

கையால் மூடிய ஸ்லைடை அப்படியே ஓட்டிப் போகாதீர்கள். மோட்டார் பிடிமானம் இல்லாததால் வளைவில் தானாக வெளியே வரக்கூடும். மோட்டார் பிரேக்கையும் வயரையும் திரும்ப மாட்டுங்கள், பூட்டுக் கம்பி இருந்தால் போடுங்கள்.

9. மூடும்போது

வரிசை அப்படியே தலைகீழ்: ஸ்லைடு முதலில் உள்ளே, பிறகுதான் ஸ்டெபிலைசர், மட்டப் பலகை எல்லாம். ஜாக்கைத் தூக்கிவிட்டு ஸ்லைடை மூடினால் வண்டி ஆடிக்கொண்டே இழுக்கும். டிரக்கையும் அதற்குப் பிறகுதான் மாட்டுவேன். கட்டைகளை எடுப்பது டிரக் மாட்டிய பிறகு.

துடைப்பத்துக்கு இப்போது வேலை. உள்ளே தரையைப் பெருக்குங்கள். ஸ்லைடின் உருளைக்கு அடியில் ஒரு சின்னக் கல் போனால் தரை விரிப்பில் நீளமாகக் கோடு கிழிக்கும். வெளியே ஸ்லைடின் கூரையில் இலையும் குச்சியும் சேர்ந்திருக்கும். பைன் மரத்தடியில் ஒரு இரவு போதும். தள்ளாமல் மூடினால் ரப்பரில் சிக்கும், அல்லது வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். மேலே துணிக் கூரை உள்ள ஸ்லைடு என்றால் தேங்கிய தண்ணீரை வழியவிட்டுவிடுங்கள்.

நாற்காலி, குப்பைத் தொட்டி, நாய்ப் படுக்கை, அலமாரிக் கதவு எல்லாவற்றையும் ஸ்லைடின் பாதையிலிருந்து விலக்குங்கள். பிள்ளைகள் எங்கே என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பதில் வாங்கிய பிறகு பட்டனை அழுத்துங்கள். திறக்கும்போது ஆபத்து வெளியே, மூடும்போது உள்ளே. அதனால் இம்முறை ஸ்பாட்டரும் உள்ளே, ஸ்லைடுக்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவில் போகாமல், ஓரமாக.

முழுதாக உள்ளே வந்ததும் வெளியே போய் விளிம்பைப் பாருங்கள். மேலும் கீழும் ஒரே அளவு ஒட்டியிருக்கவேண்டும். ஒரு மூலை அரை அங்குலம் தள்ளி நின்றால் மறுபடி முழுதாகத் திறந்து மூடுங்கள். பூட்டுக் கம்பியைப் போட்டு, டென்னிஸ் பந்துகளை எடுத்து, கூம்புகளை எண்ணி உள்ளே வைத்துவிட்டுக் கிளம்பலாம். எங்கள் கூம்புகளில் ஒன்று இன்னும் ஏதோ ஒரு சைட்டில்தான் நிற்கிறது.